எஞ்சினில் ஒடிந்த போல்ட்டை எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் காரில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் இது நடந்தே தீரும். இறுகிக்கொண்டிருந்த ஸ்பானர் திடீரென்று லேசாகிவிடும், போல்ட்டின் தலை சாக்கெட்டுக்குள் இருக்கும், மீதி எஞ்சினுக்குள் நிற்கும். அந்த நேரத்தில் பலர் என்னிடம் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் போல்ட் எந்த நிலையில் இருந்தாலும் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டுக் கீழே போங்கள், பின்னால் அடிக்கடி அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

போல்ட் தலை ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு. இப்ப முதல்ல என்ன பண்றது?

டிரில்லை எடுக்காதீர்கள், அதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஒடிந்த போல்ட்டை எடுக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒரு வழி தோற்றால் அது சும்மா தோற்பதில்லை, வேறு ஒரு வழியையும் அடைத்துவிட்டுத்தான் போகும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை முறித்துவிட்டால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. பெரிய துளை போட்டுவிட்டால் வெல்டிங் பிடிக்க இரும்பு இருக்காது. துளைக்குள் ஈசி அவுட் (போல்ட்டில் துளை போட்டு, அதற்குள் விட்டுத் திருகி எடுக்கும் கடினமான எஃகுக் கருவி) ஒடிந்தால் டிரில்லும் இறங்காது. அதனால் சேதம் குறைவான வழியில் தொடங்கி, அது உண்மையிலேயே முடியாது என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்குவதற்கு முன் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? சுற்றியுள்ள உலோகம் அலுமினியமா வார்ப்பிரும்பா? (காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு.) துளை அடி மூடியதா, அல்லது தண்ணீர் ஓடும் பகுதிக்கோ ஆயில் பகுதிக்கோ ஊடுருவிப் போகிறதா? கழற்றும்போது ஒடிந்ததா, முறுக்கும்போது ஒடிந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நான் ஒண்ணும் பலமா திருகவே இல்லையே, எப்படி ஒடிஞ்சது?

ஒடியும் விதம் இரண்டு. முறுக்கும்போது ஒடிந்தது என்றால், அளவுக்கு மேல் இறுக்கியதில் போல்ட் இழுபட்டு அறுந்திருக்கும், அல்லது நீளம் கூடின போல்ட் துளையின் அடியில் முட்டியிருக்கும், அல்லது முன்பே யாரோ மிகையாக இறுக்கியதில் கழுத்து மெலிந்து போயிருக்கும். தலை போனவுடன் இழுவிசையும் போய்விடும், அதனால் மரைக்குள் இருக்கும் மிச்சம் பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். (அடியில் முட்டிக்கொண்டு நிற்பது இதற்கு விலக்கு.) அந்த மாதிரி மிச்சத்தைக் கூர்மையான சின்ன உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துத் தட்டியே சுற்றி எடுத்திருக்கிறேன், இரண்டு நிமிட வேலை.

கழற்றும்போது ஒடிந்தது என்றால் கதை வேறு. மரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டை (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பூட்டும் ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத போல்ட்டுகள், ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறி, துரு ஏறி ஒட்டிப்போகும். அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும், வெள்ளைப் பொடி மரை இடைவெளியை நிரப்பி சிமென்ட் மாதிரி கெட்டியாகிவிடும். போல்ட்டையே ஒடிக்கும் அளவு விசை கொடுத்தும் நகராதது, அதைவிட மெலிந்த ஒரு கருவியைத் துளைக்குள் விட்டுத் திருகினால் மட்டும் நகர்ந்துவிடுமா? பிடிப்பை இளக்காமல் எதையும் திருகக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

டபிள்யூ.டி. 40 அடிச்சு விட்டுட்டேன், போதுமா?

அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. அந்த எழுத்துகள் தண்ணீரை விலக்குதல் என்பதற்கான சுருக்கம், 40 என்பது நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை. ஈரத்தை விரட்டத்தான் அது உருவானது. கொஞ்சம் ஊடுருவவும் செய்யும்தான், ஆனால் பிடித்துப்போன ஸ்டட்டுக்குத் துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சட்டென்று தீப்பற்றும், சூடான எஞ்சின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் பெரிது. மாலையில் ஊற்றி, சுத்தியலால் போல்ட்டின் முனையில் நேராகப் பத்து இருபது தட்டு தட்டி, மறுபடி ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். காலையிலும் அதையே செய்யுங்கள். அந்த அதிர்வில்தான் துருவில் மயிரிழை விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியாக இறங்கும். அவசரப்பட்டால் இதில்தான் முதலில் தோற்போம்.

ஒரு பத்து மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வைஸ் கிரிப்ல பிடிச்சுத் திருகலாமா?

திருகலாம், ஆனால் எண்ணெய் ஊறிய பிறகு. முனையின் இரண்டு பக்கமும் அரத்தால் ராவித் தட்டையாக்கிவிட்டுப் பிடித்தால் வழுக்காது. நல்ல மரை வெளியே இருந்தால் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, உள்பக்க நட்டில் ஸ்பானரை மாட்டிக் கழற்றுவது இன்னும் சுத்தமான வழி.

கழற்றும் திசையில் மட்டும் இழுக்காதீர்கள். கால் சுற்றுக்கும் குறைவாகக் கழற்று, நின்றுவிட்டால் திரும்ப முறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கழற்று. ஒட்டிய போல்ட் நகரத் தொடங்கும்போது ‘கிரீச்’ என்று ஒரு வறண்ட சத்தம் வரும், கையில் சின்ன வெடுக்கு தெரியும். அது நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று வந்தால் போல்ட் சுற்றவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு உணர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை பழகிவிட்டால் பாதிப் போல்ட்டுகள் ஒடியவே ஒடியாது.

சூடு பண்ணச் சொல்றாங்க. போல்ட்டையா, அதைச் சுத்தி இருக்கிற ஹெட்டையா?

ஹெட் என்பது எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம். சுற்றியுள்ள அது அலுமினியம் என்றால் அதைத்தான். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. துளையை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளைக்கும் போல்ட்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இடைவெளி கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பிடித்திருக்கும் பொடியை உடைக்க அதுவே போதும். ஒன்றை மறக்கக்கூடாது: அலுமினியம் உருகப்போகிறது என்பதைச் சிவந்து காட்டாது. பார்க்க அப்படியே இருந்துவிட்டுத் திடீரென்று தொய்ந்துவிடும். அதனால் தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள், ஹீட் கன் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும், சுற்றிச் சூடாக்கி லாபம் குறைவு. அங்கே போல்ட்டையே சிவக்கச் செய்ய வேண்டும். விரிய இடமில்லாமல் அது தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும், ஆறும்போது முன்பைவிடச் சுருங்கிப் பிடிப்பை விடும். சூடாக இருக்கும்போது மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தீ எடுக்கும் முன் பெட்ரோல் குழாய், ஒயர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் விலக்குங்கள், முன்பு ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மட்டத்தோட மட்டமா ஒடிஞ்சிருக்கு. ஒரு ஈசி அவுட் செட் வாங்கிடவா?

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். வெல்டிங் வைக்கும் ஆள் கிடைத்தால் நட்டு வைத்து வெல்ட் செய்வதுதான் என் முதல் தேர்வு. மட்டத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே இருந்தாலும் தேர்ந்த கை மிக் வெல்டிங்கில் போல்ட்டின் மேல் புள்ளி புள்ளியாக இரும்பைக் கட்டி மேலே கொண்டுவந்துவிடும். வெல்டிங் இரும்பு அலுமினியத்தோடு சேராது என்பது இங்கே நமக்கு வரம். அப்புறம் ஒரு வாஷரை வைத்து வெல்ட், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உட்பக்கம் முழுக்க நிரப்பி வெல்ட். சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, சூடு இருக்கும்போதே மேலே சொன்ன முன்னும் பின்னுமான அசைவில் திருகுங்கள். முதல் தடவை நட்டு பெயர்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம், மூன்றாவது நான்காவது நட்டில் வந்தவை நிறைய. ஒவ்வொரு தடவையும் போல்ட் மறுபடி சூடாகி ஆறுகிறது, அந்தச் சூடுதான் பாதி வேலையைச் செய்கிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் சுத்தம் செய்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பைப் போல்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

வெல்டிங்குக்கு வழியே இல்லை. டிரில் போடும்போது சென்டர் எப்படிப் பிடிக்கறது?

எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டில் 5 மி.மீ. டிரில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் விலகினாலே ஒரு பக்கம் ஹெட்டின் மரையைத் தொட்டுவிடும். அவ்வளவுதான் நமக்கு இருக்கும் இடம்.

ஒடிந்த முகம் சாய்வாக, பல் பல்லாக இருக்கும். அதில் பஞ்ச் வைத்தால் பள்ளமான பக்கம் வழுக்கும். அதனால் முதலில் சின்னக் கிரைண்டிங் கல்லால் முகத்தை மட்டமாக்குங்கள். பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாருங்கள்: வெள்ளையாக மின்னும் அலுமினியத்துக்கு நடுவில் மங்கலான சாம்பல் வட்டம் தெரியும், அதன் ஓரத்தில் மரையின் கோடு மெல்லிய நிழலாக ஓடும். அந்த வட்டத்தின் நடுவில் சென்டர் பஞ்ச்சால் மிக லேசாக ஒரு புள்ளி. உடனே ஓங்கி அடிக்காதீர்கள். இடப்பக்கமிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை பாருங்கள். விலகியிருந்தால் பஞ்ச்சைச் சாய்த்து வைத்துத் தட்டிப் புள்ளியை நடுவுக்கு நகர்த்துங்கள். நான் இதற்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற நாட்கள் உண்டு.

இன்னும் உறுதியான வழி, அந்த இடத்தில் பூட்டும் மேனிஃபோல்ட்டையோ கவரையோ மற்ற போல்ட்டுகளால் பூட்டிவிட்டு, அதன் ஓட்டைக்குள் சரியாக நுழையும் ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து, நடுவில் 3 மி.மீ. துளை போட்டு வழிகாட்டியாக வைப்பது. டிரில் அங்குமிங்கும் போக இடமே இருக்காது. எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

முதலில் 3 மி.மீ., அப்புறம் படிப்படியாக. வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே. சுருள் சுருளாக இரும்பு வந்தால் வெட்டுகிறது. கீச்சிட்டுப் பொடியாக வந்தால் உரசுகிறது, உடனே நிறுத்திக் கூர்மையான பிட் மாற்றுங்கள். தலையில் 10.9 அல்லது 12.9 என்று இருந்த போல்ட் என்றால் கோபால்ட் பிட் வேண்டும்.

இடது சுத்து டிரில் பிட்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது, ஈசி அவுட்டுக்கு முன் கட்டாயம் முயல வேண்டியது அதுதான். டிரில்லை ரிவர்ஸில் ஓட்டினால்தான் வெட்டும், அதாவது அது வெட்டும் திசையும் போல்ட் கழலும் திசையும் ஒன்று. துளை போட்டுக்கொண்டே இருக்கும்போது சூடும் அதிர்வும் சேர்ந்து, சில நேரம் பிட் லேசாகக் கடித்துக்கொண்டு போல்ட்டைச் சுற்றியபடியே வெளியே கொண்டுவந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, எப்படியும் தேவைப்பட்ட துளைதான் கிடைத்திருக்கிறது.

ஈசி அவுட் போட்டுத் திருகினேன், அதுவும் உள்ளேயே ஒடிஞ்சுபோச்சு. இப்ப?

இது எனக்கே நடந்தது. தண்ணீர் பம்பின் எம்6 போல்ட். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே இருந்தேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், துளைக்குள் பளபளவென்று ஒரு புள்ளி. சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல்கூட விழவில்லை. கடினமாக்கப்பட்ட எஃகு அப்படித்தான். கூம்பு வடிவச் சுருள் ஈசி அவுட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆழமாக இறங்க இறங்க ஆப்பு போல வேலை செய்து, மெலிந்த போல்ட்டை வெளிப்பக்கம் விரித்து மரையோடு இன்னும் இறுக்கிவிடும். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் நேரான பள்ளங்கள் கொண்ட வகையை எடுங்கள். அதையும் பிடிப்பு இளகிய பிறகுதான் விட வேண்டும், இரண்டாவது பதிலில் சொன்ன அதே காரணம்.

உள்ளே ஒடிந்துவிட்டால் வழி மூன்று. கடினமானது நொறுங்கும் தன்மையுள்ளது என்பதால் கூர்மையான பஞ்ச்சால் அடித்துத் துண்டு துண்டாக எடுக்க முடிகிறதா என்று பார்க்கலாம். அடுத்தது டங்ஸ்டன் கார்பைடு பர் (சுழன்று அரைக்கும் சின்ன முனை) வைத்து அரைத்து எடுப்பது, நேரம் பிடிக்கும், கை நடுங்கக்கூடாது. மூன்றாவது, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இ.டி.எம். இயந்திரம் வைத்திருக்கும் பட்டறை. எவ்வளவு கடினமான எஃகாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான், சுற்றியுள்ள மரையும் தப்பும். நான் மூன்றாவதற்குத்தான் போனேன்.

எதுவும் வேண்டாம், பெரிய டிரில் போட்டு முழுசா குடைஞ்சு எடுத்துடலாமா?

சென்டர் சரியாக இருந்தால் தாராளமாக. எம்8க்கு 1.25 பிட்ச்சில் (மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி) மரை வெட்டும் துளை 6.8 மி.மீ., எம்6க்கு 5 மி.மீ. அதற்குச் சற்றுக் குறைவான அளவுவரை குடைந்தால் மெல்லிய சுருள் மட்டும் மரைக்குள் மிஞ்சும். அதன் நுனியைக் கூர்மையான கொக்கியால் கிளப்பி, மூக்குக் குறடால் பிடித்து ஸ்பிரிங் மாதிரி உருவிவிடலாம். கடைசியில் மரை வெட்டும் கருவியான டேப்பைக் கையால் விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள், அரைச் சுற்றுக்கு ஒரு தடவை பின்னால் திருப்பித் துகளை உடைத்துக்கொண்டே.

துளை ஒரு பக்கமா போயிடுச்சு, ஹெட்டோட மரையும் கொஞ்சம் போச்சு. ஹெட்டே போச்சா?

இல்லை. மேலும் கெடுக்காமல் நிறுத்தியிருந்தால் சரிசெய்துவிடலாம். சில்லறைச் சேதம் என்றால் மீதி மரையே தாங்கும். அதிகமென்றால் ஹெலிகாயில்: பெரிதாகத் துளையிட்டு (எம்8க்கு 8.3 மி.மீ. அளவில்), கிட்டில் வரும் தனி டேப்பால் மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை மேல்மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே இறங்கும்வரை திருகி, அடியிலுள்ள நாக்கைத் தட்டி உடைத்து எடுத்துவிட வேண்டும். சரியாகப் போட்டால் வெறும் அலுமினிய மரையைவிட இதுவே பலம். ஸ்பார்க் பிளக் துளை மாதிரி அடிக்கடி கழற்றும் இடத்துக்கு முழு உருளையாக வரும் இன்செர்ட் நல்லது.

ஆனால் துளை சாய்ந்தே போயிருந்தால் அதன் மேலேயே ஹெலிகாயில் போடாதீர்கள், போல்ட்டும் சாய்ந்துதான் உட்காரும். மில்லிங் இயந்திரத்தில் வைத்துத் துளையை நேராக்கிய பிறகே.

டிரில் போட்ட துகள் எஞ்சினுக்குள்ள விழுந்திருக்குமோன்னு பயமா இருக்கு

பயப்பட வேண்டிய விஷயம்தான். டிரில் போடும் முன்பே பக்கத்திலுள்ள எல்லா வாய்களையும் துணியால் அடைத்து டேப் ஒட்டிவிட வேண்டும், எத்தனை துணி என்று எண்ணியும் வைத்துக்கொள்ளுங்கள். பிட்டில் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். காற்று பிடித்து ஊதாதீர்கள், வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். இரும்புத் துகளைக் காந்தம் எடுக்கும், அலுமினியத் துகளை எடுக்காது. ஆயில் பகுதிக்குள் விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் ஆயில் பேனை (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

படிகாரத் தண்ணில போட்டா போல்ட் கரைஞ்சிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் ஒடிந்த மிகச் சின்ன எஃகுத் திருகை அப்படிக் கரைத்து எடுப்பது உண்மை. ஆனால் பாகம் முழுவதும் சூடான கரைசலில் நீண்ட நேரம் மூழ்கிக் கிடக்க வேண்டும். காரில் பூட்டியிருக்கும் எஞ்சினுக்கு அது ஆகாது.

ஒரே ஒரு மேனிஃபோல்ட் ஸ்டட்தான். அப்படியே விட்டு ஓட்டினா என்ன?

நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். ஓரத்து ஸ்டட் என்றால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது ‘டிக் டிக்’ என்று புகை கசியும் சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும், அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போய் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும், எரிபொருள் அளவு குழம்பும். கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரவும் வாய்ப்பிருக்கிறது. பக்கத்து ஸ்டட் கூடுதல் சுமை தாங்கி, சில மாதங்களில் அதுவும் ஒடியலாம். சில நாள் தள்ளிப்போடலாம், விட்டுவிடக்கூடாது. ஹெட் போல்ட், எஞ்சின் மவுண்ட், டைமிங் சம்பந்தப்பட்டவை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

எந்தக் கட்டத்துல நானே பண்றத நிறுத்தணும்?

டிரில்லை நேராகப் பிடிக்க இடமில்லை என்றால், கருவி உள்ளே ஒடிந்துவிட்டால், துளை தண்ணீர் பகுதிக்கோ ஆயில் பகுதிக்கோ திறக்கிறது என்றால், அதோடு களைத்துப் போயிருந்தால். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த மோசமான துளைகள் பெரும்பாலும் இரவில், இதோடு முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் போட்டவை. யாரும் கை வைக்காத ஒடிந்த போல்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அவர்களுக்கும் எல்லா வழிகளும் திறந்திருக்கும்.

எடுத்தாச்சு! புது போல்ட் போடும்போது என்ன கவனிக்கணும்?

துளையை நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது அழுந்தி வார்ப்பையே விரிசல் விடவைக்கும். புது போல்ட்டின் நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நான்கைந்து சுற்று விரலால்தான், ஸ்பானரால் அல்ல. துளை தண்ணீர் பகுதிக்குத் திறந்தால் மரைக்கு சீலன்ட் வேண்டும்.

எக்ஸாஸ்ட் பக்கம் மரை ஒட்டிப்போகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை மெலிதாகத் தடவுங்கள். தடவிய மரை அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசை) அதிகமாக இழுபடும், அதனால் சர்வீஸ் மேனுவலில் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை அப்படியே வைக்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அலுமினியத்தில் எம்6க்கு 10, எம்8க்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் வரும், ஆனால் உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. இவ்வளவு நியூட்டன் மீட்டர், அப்புறம் இவ்வளவு டிகிரி திருகு என்று சொல்லியிருக்கும் ஹெட் போல்ட்டுகள் பெரும்பாலும் இழுபடும் வகை, பழையதை மறுபடி போடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஸ்டட் மாற்றியிருந்தால், அதே வரிசையில் உள்ள மற்றவற்றையும் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக இளக்கிப் பாருங்கள், அடுத்தது ஒடிவதாக இருந்தால் எல்லாம் கழன்று கிடக்கும் இன்றைக்கே தெரிந்துவிடட்டும்.